சண்டைப் படமும் துப்பறியும் கதையும்



சண்டைப் படங்களைப் பற்றிப் பேச வானொலியில் ஓர் இடம் கிடைத்ததே எனக்கு மகிழ்ச்சி. நம்மவருள் பலர் இத்தகைய படங்களைப் பார்ப்பார்கள். பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். குடும்பக் கதையைப் பார்த்து அழுதவர் அதைப் பெருமையாகச் சொல்லுவார். வாள்வீச்சைப் பார்த்து வாயைப் பிளந்தவரோ, 'பையன் கூப்பிட்டான், போனேன்' என்று பிள்ளையின்மேல் பழியைப் போட்டுவிடுவார். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. நல்ல சண்டைக் காட்சியும் நல்ல துப்பறியும் கதையும் தரும் இன்பம் எந்தக் கலையின்பத்துக்கும் குறைந்ததன்று என்பது என் கட்சி. அந்தக் கட்சியை எடுத்துரைப்பதோடு, அந்தப் படங்களின்மேல் எனக்கு இருக்கும் ஒரு வழக்கையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்தவன். எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலை. மலைக்கு இந்தப்புறம் கச்சிராயபாளையமும் கோமுகி அணையும்; அந்தப்புறம் இறங்கினால் சேலம் மாவட்டம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் எங்கள் பகுதி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் விழுப்புரத்தோடு இருந்தது. அதற்கும் முன் பழைய தென்னார்க்காட்டில் அடங்கியிருந்தது. தென்னார்க்காடு என்றாலே தெருக்கூத்து நினைவுக்கு வரும். திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊரில் பாரதக் கூத்து இருக்கும். ஆகவே சண்டையைக் கண்டு களிக்க எங்களுக்குச் சினிமா வந்துதான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றிருக்கவில்லை. சினிமாவுக்கு முன்னரே இரவெல்லாம் கண்விழித்துப் பதினெட்டாம் நாள் போரைப் பார்த்தவர்கள் எங்கள் பாட்டன்மார்.

கூத்தில் வேடக்காரன் நேரே வந்து நின்றுவிடுவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். அதன் பின்னே கிரீடத்தின் நுனி தெரியும். சலங்கை ஒலி கேட்கும். கட்டியங்காரன் இவர் இன்னார் என்று சொல்லுவான். வேடக்காரன் திரைக்குப் பின்னிருந்தே தன் பெருமையைப் பாடுவான். நெடுநேரம் காக்கவைத்த பிறகே திரை விலகும். இன்றைய படத்தில் கதாநாயகனின் செருப்பை முதலில் காட்டி, பிறகு கையைக் காட்டி, பின்பு முதுகைக் காட்டி, கடைசியில் முகத்தைக் காட்டுகிறார்களே, அந்த வித்தையைக் கண்டு எங்கள் ஊர்க் கிழவர் எவரும் வியக்கமாட்டார். 'திரை பிடிக்கிறான்' என்பார், அவ்வளவுதான்.

ஆனால் கூத்தில் இன்னொன்றும் உண்டு. துரியோதனன் படுகளத்தன்று மண்ணால் பெரியதோர் உருவம் செய்து கிடத்துவார்கள். வீமன் வருவான், தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தல் முடிப்பாள். அவ்வளவோடு கூட்டம் கலைந்துவிடாது. விழுந்தவனுக்காக அழும் ஒப்பாரியும் அங்கே உண்டு. இதே மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டைக்கு அருகே கூவாகம் இருக்கிறது. அங்கே களப்பலியான அரவானுக்காகச் சித்திரை மாதத்தில் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து, வளையலை உடைத்து அழுகிறார்கள். பாரதத்தை எழுதிய கை அரவானுக்குச் சில வரிகளே ஒதுக்கியிருக்கலாம். எங்கள் பக்கத்து மக்கள் அவனுக்கு ஒரு திருவிழாவையே ஒதுக்கியிருக்கிறார்கள். வென்றவனைக் கொண்டாடும் ஆட்டத்திலேயே விழுந்தவனுக்கும் கணக்கு வைத்தது கூத்து. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, நல்ல சண்டைக் காட்சி எது? எனக்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. முதலாவது, சண்டை கண்ணுக்குத் தெரியவேண்டும். 'ரிக்ஷாக்காரன்' 1971இல் வந்தது. அதில் எம்.ஜி.ஆர். ரிக்ஷாவின்மேல் இருந்தபடியே சிலம்பம் சுழற்றுவார். கம்பு எங்கே போகிறது, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, எதிரி எங்கே நிற்கிறான் என்பதெல்லாம் பார்ப்பவனுக்கு விளங்கும். 1976இல் வந்த 'உழைக்கும் கரங்கள்' படத்தில் மான்கொம்பைக் கையில் ஏந்திச் சண்டை செய்தார். அது நம் நாட்டுப் பழைய ஆயுதம். அதைப் பிடிக்கத் தெரிந்தவர் பிடிக்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் புலனாகும். இக்காலத்துப் படங்கள் பலவற்றில் ஒரு நொடிக்கு ஒரு துண்டாகப் படத்தை வெட்டி ஒட்டுகிறார்கள். ஓங்கிய கை ஒரு துண்டில். விழுந்த உடல் மறு துண்டில். நடுவே நடந்தது என்னவென்று படத்தொகுப்பாளருக்குத்தான் தெரியும். அந்நாளில் வானொலியில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். சண்டை வந்தால் 'தொப்பு, தொப்பு' என்று ஓசை மட்டும் கேட்கும். மற்றதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். கண்ணெதிரே திரை இருந்தும் ஒலிச்சித்திரம் கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பதற்குக் கொட்டகைக்கு ஏன் போகவேண்டும்?

இரண்டாவது, அடி வலிக்கவேண்டும். புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' 1973இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அந்தப் படத்தின் பேச்சில் ஒரு சொல்லும் புரியாதவரும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அடித்த பிறகு அவர் முகத்தில் வெற்றியோடு துயரமும் தெரியும். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. ஜாக்கி சான் 1985இல் எடுத்த 'போலீஸ் ஸ்டோரி'யில், ஒரு பெருங்கடையின் உச்சியிலிருந்து கம்பத்தைப் பற்றிக்கொண்டு விளக்குச் சரங்களினூடே வழுக்கி இறங்குவார். அதில் அவர் கைகள் வெந்துபோயின. படம் முடிந்த பின் படப்பிடிப்பில் பட்ட காயங்களையும் காட்டுவது அவர் வழக்கம். விழுந்தால் எலும்பு முறியும் என்ற உண்மையை மறைக்காத கலைஞர் அவர். நூறு பேர் பறந்துபோய் விழ, கதாநாயகனின் சட்டை மடிப்புக் கலையாத படத்தில் எனக்கு ஈடுபாடு உண்டாவதில்லை. அவனுக்கு ஆபத்தே இல்லையென்றால் நான் எதற்காக இருக்கையின் நுனிக்கு வரவேண்டும்?

மூன்றாவது, சண்டை முடிந்தபின் ஏதேனும் மாறியிருக்கவேண்டும். சண்டைக்கு முன்னும் பின்னும் கதை ஒரே இடத்தில் நின்றால் அது வெறும் உடற்பயிற்சி. பழைய ராஜா ராணிக் கதைகள் இவ்வகையில் எத்தனையோ மேல். எங்கள் மலைக்கு அந்தப்புறத்தில், சேலத்தில், டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸார் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். 1950இல் வந்த 'மந்திரி குமாரி', 1951இல் வந்த 'சர்வாதிகாரி', 1956இல் வண்ணத்தில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகியவற்றில் ஒவ்வொரு வாட்போரும் ஒரு வாசலைத் திறக்கும், அல்லது மூடும். அந்நிறுவனமே வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் கதையை 'திகம்பர சாமியார்' என்று படமாக்கியது, அதில் எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுத் துப்புத் துலக்கினார். பின்னர் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' ஆகிய படங்களையும் எடுத்தது. வாள் போய்த் துப்பாக்கி வந்தது. அரசகுமாரன் போய்ப் போலீஸ் அதிகாரி வந்தான்.

போலீஸ் அதிகாரி என்றதும் எங்கள் பக்கத்தில் விஜயகாந்தைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. 1986இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த 'ஊமை விழிகள்', 1990இல் வந்த 'புலன் விசாரணை', 'சத்ரியன்', 1991இல் வந்த அவருடைய நூறாவது படமான 'கேப்டன் பிரபாகரன்' ஆகியவை கொட்டகைகளை நிரப்பின. சுவரில் ஒரு காலை ஊன்றித் திரும்பி மறு காலால் அவர் உதைக்கும் உதையைப் பள்ளிப் பிள்ளைகள் திண்ணையில் பழகிப் பார்த்து விழுந்து எழுவார்கள். அவர் 2011இல் எங்கள் ரிஷிவந்தியம் தொகுதியில் நின்று வென்று, சட்டப்பேரவையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். 2016இல் உளுந்தூர்பேட்டையில் தோற்றார். 2023 டிசம்பரில் காலமானார். திரையில் ஒரே உதையில் தீர்ந்த வழக்குகள் வெளியில் மனுவாகவும் கோப்பாகவும் அலைவதை எங்கள் தொகுதி மக்கள் அறிவார்கள். அதனால் அவருடைய படத்தின்மேல் அவர்களுக்கு இருந்த அன்பு குறைந்துவிடவில்லை. திரை வேறு, தாலுக்கா அலுவலகம் வேறு என்பதை உணரும் அளவுக்குப் பாமர ரசிகனுக்கு அறிவு உண்டு. படம் பார்ப்பவர்களை எளிதில் ஏமாறுகிற கூட்டம் என்று எண்ணும் பெரியோர் இதைக் கவனிக்கவேண்டும்.

துப்பறியும் கதைக்கு வருகிறேன். எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' தமிழில் இவ்வகையின் தலைமைப் படம் என்பது என் கருத்து. அதில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில் ஒரு வானொலிப் பொறியாளன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பார்வையில் நடந்ததைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் அவன் வேறு மனிதனாகிறான். யார் கொன்றது என்பதை நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் இன்னும் இருக்கலாம். ஆனால் முடிவு தெரிந்த பின்னும் அதை மறுபடி பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்லுகிறேன். முடிச்சு அவிழ்ந்ததும் எறிந்துவிடத் தக்க கதை நல்ல துப்பறியும் கதையாகாது.

இதனை நன்கு உணர்ந்தவர்கள் அமெரிக்காவில் 'கொலம்போ' என்ற தொலைக்காட்சித் தொடரை எடுத்தவர்கள். பீட்டர் ஃபாக் கசங்கிய மேலங்கியோடு வரும் அந்தத் தொடரில் கொலை செய்தவன் யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். பிறகு என்ன சுவை என்று கேட்கலாம். துரியோதனன் விழுவான் என்பது தெரிந்துதானே நாம் விடியும்வரை கூத்துப் பார்க்கிறோம்? எப்படி விழுகிறான் என்பதே காட்சி. அந்தப் போலீஸ்காரர் ஒவ்வொரு முறையும் கதவுவரை போய்த் திரும்பி, இன்னும் ஒரு சிறு ஐயம் என்று கேட்பார். அந்தச் சிறு ஐயத்தில் பெரிய மனிதரின் மாளிகை ஆட்டம் காணும்.

நம் வீடுகளுக்குள் துப்பறிவோர் மெல்ல மெல்ல வந்தனர். சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டில் தொடங்கியது. 1985இல் காரட்டைக் கடித்துக்கொண்டு வந்த 'கரம்சந்த்', 1993இல் வந்த வங்கத்துப் 'பியோம்கேஷ் பக்ஷி' ஆகிய தொடர்களை இந்தி அறியாதவர்களும் ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்னர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வந்தது. அதில் 'விடாது கருப்பு' என்ற கதையில் ஊர்க்காவல் தெய்வமே குற்றவாளியைத் தண்டிப்பதாக மக்கள் நம்புவார்கள். எல்லையில் ஐயனார் குதிரையோடு நிற்கும் ஊர்களில் வாழும் எங்களுக்கு அந்தக் கதை அடுத்த தெருவில் நடப்பது போல் இருந்தது.

இப்பொழுது கைப்பேசியிலேயே தொடர்கள் வருகின்றன. புஷ்கர், காயத்ரி இருவரும் உருவாக்கி 2022இல் வந்த 'சுழல்' தொடரை நான் விரும்பிப் பார்த்தேன். மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களை ஒட்டி அந்தக் கதை நகர்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் எங்களுக்கு அயலில் இருப்பது. அந்தத் திருவிழாவின் வெறியும் அழுகையும் ஒரு காணாமற்போன பெண்ணின் கதையோடு பின்னப்பட்டபோது எங்கள் மண்ணின் உணர்ச்சி அதில் இருப்பதைக் கண்டேன். அவ்வாண்டிலேயே வந்த 'விலங்கு' காவல் நிலையத்தின் அன்றாட வாழ்வை, அதன் அலுப்பையும் அதிகார ஏணியையும் சேர்த்துக் காட்டியது. 'வதந்தி' என்ற தொடரில் இறந்துபோன பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 'அந்த நாள்' காட்டிய வழிதான். ஆனால் ஊர்வாய் ஒரு பெண்ணை இரண்டாம் முறையும் கொல்லும் என்பது புதிதாகச் சொல்லப்பட்டது.

குறையும் உண்டு. இரண்டு மணியில் சொல்லத்தக்கதை எட்டுப் பகுதியாக இழுப்பது ஒன்று. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு மனநோயாளியைக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாப் பழியையும் அவன் தலையில் இறக்குவது மற்றொன்று. நோயுற்றவனையும் உருவம் சிதைந்தவனையும் கொடியவனாக்குவது சோம்பலின் வேலை. கொலையுண்ட பெண்ணை ஒரு புதிராக மட்டும் வைத்துக்கொண்டு, அவளுக்கென்று ஒரு விருப்பமோ ஒரு சிரிப்போ கொடுக்காமல் விடுவது இவற்றினும் பெரிய குறை.

இங்கேதான் என் வழக்கு தொடங்குகிறது. சண்டைப் படங்களும் குற்றக் கதைகளும் எதைக் கதைப்பொருளாக எடுத்துக்கொள்கின்றன? கள்ளச்சாராயம், சந்தன மரம், செம்மரம், காட்டுக்குள் வேட்டை, காவல் நிலையத்தில் விசாரணை. இவை சென்னையில் இருப்பவருக்குக் கதைப்பொருள். கல்வராயன் மலையைச் சுற்றி வாழ்வோர்க்கு இவை அக்கம்பக்கத்துச் செய்தி. மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என்று கருதிவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்பதே அதற்குச் சொல்லும் பொருள். சாமை, தினை, மரவள்ளி விளைவிக்கும் எளிய மக்கள். இந்த மலை பெரும்பாலும் செய்தியில் அடிபடுவது சாராய ஊறல் அழிக்கப்பட்டது என்ற வரியில்தான்.

2021இல் 'புஷ்பா' என்ற தெலுங்குப் படம் தமிழிலும் வந்தது. செம்மரம் வெட்டப் போகும் கூலிக்காரன் ஒருவன் கடத்தல் கூட்டத்துக்கே தலைவனாக உயரும் கதை. விறுவிறுப்பான படம், அல்லு அர்ஜுன் தோளைச் சாய்த்து நடந்த நடையை நாடே நடந்து பார்த்தது. அந்தப் படத்தைப் பற்றி வெள்ளிமலையில் ஒரு தேநீர்க் கடையில் பேச்சு வந்தது. ஒரு காலத்தில் மரம் வெட்டப் போய்த் திரும்பிய முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் சொன்னது இது: "படம் நல்லாத்தான் இருக்குதுங்க. அந்தப் பையன் மேல போயிட்டான். ஆனா அவங்கூடக் கோடாலி புடிச்சுப் போனவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு படத்துல சொல்லலீங்களே?"

அவர் எதை நினைத்துக் கேட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிற்று. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள். பலர் மலைவாழ் மக்கள். முகவர் ஒருவன் நல்ல கூலி என்று அழைத்துப் போவான். அகப்பட்டால் அயல்மாநிலச் சிறை. வழக்கு நடத்தப் பணம் இராது. வீட்டில் இருப்பவர்க்கு ஊர்பேரும் தெரியாது. கல்வராயன் மலையிலிருந்தும் அவ்வாறு போய்ச் சிறைப்பட்டவர்கள் உண்டு. திரையில் கதாநாயகன் ஒருவன் மேலே ஏறுகிறான். அவன் பின்னால் மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்தக் கூட்டத்துக்குப் படக்கதையில் பெயர் இல்லை.

இன்னொன்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் நடந்ததை நாடறியும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடம்பினுள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண்ணை மங்கச் செய்யும். பிறகு உயிரைக் கொள்ளும். பொழுது விடிந்தபோது ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல் போட்டிருந்தார்கள். அன்றாடக் கூலிக்குப் போனவர்கள் அவர்கள். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

இந்தக் குற்றத்தைத் துப்பறியும் கதையாக எழுதப் புகுந்தால் என்ன ஆகும்? கத்தி இல்லை, கைரேகை இல்லை, நள்ளிரவில் கறுப்பு உடையில் வந்தவன் இல்லை. விற்றவன் ஒருவன், கொடுத்தனுப்பியவன் ஒருவன், ஆலைக்கு வந்த நஞ்சைத் திருப்பிவிட்டவன் ஒருவன், பார்த்தும் பார்க்காதவர் பலர், குடித்தால்தான் மறுநாள் மூட்டை தூக்கலாம் என்ற உடல் அலுப்பு ஒன்று. 'யார் செய்தது?' என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லி முடிக்க இயலாது. இதுவரை நம் குற்றக் கதைகள் கையாண்ட இலக்கணம் இதற்குப் போதாது.

இலக்கணத்தை விரிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரைக் களமாகக் கொண்டு 2002 முதல் 2008 வரை 'தி வயர்' என்ற தொடர் வந்தது. அதைப் படைத்த டேவிட் சைமன், அந்நகரத்துச் செய்தித்தாளில் காவல்துறைச் செய்திகளை எழுதி வந்தவர். முதல் பருவத்தில் போதைப்பொருள் விற்கும் தெருமுனையும் போலீசும், அடுத்து துறைமுகம், அடுத்து நகராட்சி அரசியல், அடுத்து பள்ளிக்கூடம், கடைசியில் செய்தித்தாள். ஒரு குற்றத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் நகரம் முழுவதும் அதன் மறுமுனையில் இருக்கக் காண்கிறோம். அறுபது பகுதி, ஓரிடத்திலும் பிரசங்கம் இல்லை, ஓரிடத்திலும் சலிப்பில்லை. தெருமுனையில் நின்று விற்கும் பையனுக்கும் அதில் பெயர் உண்டு. அவன் இறந்தால் நமக்கு நெஞ்சு அடைக்கும்.

நம்மவர்களும் இந்த வழியில் அடியெடுத்து வைத்திருக்கிறார்கள். கோவையில் ஆட்டோ ஓட்டி வந்த மு. சந்திரகுமார், காவல் கொட்டடியில் தாம் பட்டதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதைக் கொண்டு வெற்றிமாறன் 'விசாரணை' எடுத்தார். அந்தப் படத்தில் விழும் ஒவ்வோர் அடியும் நம் முதுகில் விழுகிறது. அவரே 2023இல் எடுத்த 'விடுதலை' முதல் பாகத்தைப் பார்த்தபோது எனக்கு வாச்சாத்தி நினைவு வந்தது. வாச்சாத்தி எங்கள் மலைத்தொடரை அடுத்த சித்தேரி மலையடிவாரத்து ஊர், அங்கிருப்பவர்களும் மலையாளிகளே. 1992 ஜூனில் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று சென்ற வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் அந்த ஊரைச் சூறையாடினர். 18 பெண்களை வன்புணர்ந்தனர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் 269 அலுவலர்களைக் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். அந்தத் தீர்ப்பை 2023இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. இடையில் முப்பத்தோர் ஆண்டுகள். திரையில் நாம் கைதட்டி வரவேற்கும் காக்கிச் சட்டை ஒரு மலைக்கிராமத்துக்குள் நுழையும்போது வாசலில் நிற்பவர் மனத்தில் என்ன நிகழும் என்பதை இந்த முப்பத்தோர் ஆண்டுகள் சொல்லும்.

1993இல், எங்கள் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலேயே, காவலில் மாண்ட இராசாக்கண்ணுவின் வழக்கு 2021இல் 'ஜெய் பீம்' ஆயிற்று. வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியான சந்துருவின் பாத்திரத்தைச் சூர்யா ஏற்றார். படத்தில் அந்தக் குடும்பத்தை இருளர் என்று மாற்றிக் காட்டினார்கள். உண்மையில் அவர்கள் குறவர் சமூகத்தினர். அந்த மாற்றத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயரையும் குலத்தையும் இழந்து நிற்பவர்க்கு அடையாளம் ஒரு சிறு சொத்து. ஆனாலும் அந்தப் படம் எனக்கு மிகவும் வேண்டிய ஒன்று. காரணம், அது நல்ல துப்பறியும் கதை. டயர்த் தடம், தொலைபேசி அழைப்பு, ஒரு சாட்சியின் குரல் என்று ஒவ்வொன்றாகத் துப்புத் துலங்குகிறது. அடுத்து என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கருவுற்ற ஏழைப் பெண் ஒருத்தி, கணவன் எங்கே என்று கேட்பதை விடாமல் கேட்கிறாள். அந்த ஒரே கேள்வியில் கதை முழுவதும் நடக்கிறது. களிப்பூட்டும் கலைக்கும் உண்மைக்கும் பகை என்று சொல்வோர்க்கு இந்தப் படம் விடை.

ஆகவே என் வழக்கின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சண்டைப் படங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று கேட்பவன் அல்லன் நான். எல்லாப் படமும் அழவைக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. 2017இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' போல, உண்மை வழக்கொன்றை எடுத்துக்கொண்டு, கைரேகையையும் ஓயாத அலைச்சலையும் விறுவிறுப்பாகச் சொல்லும் படம் நாளை வந்தாலும் முதற்காட்சிக்கு நான் போவேன். கதாநாயகன் பின்னாலிருந்து உதைக்கட்டும், கம்பு சுழலட்டும், லாரி வெடிக்கட்டும். நாளெல்லாம் கரும்பு வெட்டியவனுக்கும் நெல் மூட்டை சுமந்தவனுக்கும் இரண்டரை மணி நேரம் தன் உடம்பின் அலுப்பை மறக்க உரிமை உண்டு. அந்த உரிமையைப் பறிக்க எந்த அறிஞருக்கும் அதிகாரம் கிடையாது.

படம் எடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. எங்கள் கூத்துக்காரன் செய்ததைச் செய்யுங்கள். வீமனுக்கு வேண்டிய அளவு ஆட்டம் கொடுங்கள். விழுந்தவனுக்கும் ஒரு ஒப்பாரி வையுங்கள். சுட்டுத் தள்ளுவதற்கென்றே நிறுத்தப்பட்ட அடியாளுக்கு ஒரு பெயர் கொடுங்கள். சாராயம் காய்ச்சும் மலைக்காரன் எதனால் அந்த அடுப்பை மூட்டினான் என்பதற்கு அரை நிமிடக் காட்சி போதும். போலீஸ் அதிகாரி நீதிமன்றம் போகாமல் ஒருவனைச் சுடும்போது பின்னணி இசையைச் சற்றே தாழ்த்துங்கள். கொட்டகையில் இருப்பவன் கைதட்டுவதா வேண்டாமா என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளட்டும். இவற்றால் வசூல் குறையாது. ஆபத்து உண்மையானால் விறுவிறுப்பு கூடும் என்பது சண்டைக் கலையின் முதல் பாடம்.

பார்ப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த சண்டைப் படத்தில் கதாநாயகன் கூட்டத்தை அடித்துத் தள்ளிக்கொண்டு போகும்போது, கீழே விழுந்தவர்களுள் யாரேனும் ஒருவனை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். அவன் எழுந்தானா, எங்கே போனான், படம் அவனை மறந்ததா, நினைவில் வைத்ததா என்று பாருங்கள். வெள்ளிமலைப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை வைத்திருக்கும் படம் எது, வைத்திராத படம் எது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். முன்னதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.